இறப்பை அறிவிக்கத் தகுதியுள்ளவர்கள்

இறப்பைப் பதிவு செய்ய யார் வரலாம் என்பதற்கு விதி இருக்கிறது. முதலில் நெருங்கிய உறவினர். அவர் இல்லையென்றால் உயிர் பிரியும்போது பக்கத்தில் இருந்தவர். அவரும் இல்லையென்றால் அந்த வீட்டில் குடியிருப்பவர். யாருமே இல்லாத பட்சத்தில் உடலைக் கண்டெடுத்தவர்.

மலேசியாவில், ஈப்போ நகரப் பதிவு இலாகா கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, என் தலைமுடி கறுப்பாக இருந்த காலம் முழுவதும் இந்த வரிசையை ஒப்பித்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்தால் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தோட்டத்துக் கோயில் பூசாரி வந்தால் தண்ணீர் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அந்த வரிசையில் நாவலாசிரியர் என்று ஒரு வகை கிடையாது. இதை நான் உறுதியாகச் சொல்ல முடியும்.

அப்படியிருந்தும், ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகள் கழித்து, நான் ஒரு இறப்பை அறிவித்துவிட்டேன். தெரியாமல் அறிவித்தேன். அதை நாளிதழில் பார்த்துத்தான் நானே தெரிந்துகொண்டேன்.

என் வாக்கியம், யாரோ ஒருவர் முகம்

நாளிதழை நான் பின்பக்கத்திலிருந்துதான் படிப்பேன். நினைவஞ்சலிப் பக்கம் முதலில், அரசியல் கடைசியில். தொழில் தந்த பழக்கம். என் மனைவி புவனம் இதைப் பல வருடங்களாக ரசிக்கவில்லை.

அன்று காலை ஒரு பெண்ணின் படம் இருந்தது. பழைய அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். எண்ணெய் வைத்து இழுத்து வாரிய தலை, பெரிய பொட்டு, கேமராவை நம்பாத கண்கள். பெயர் ராக்கம்மா. நான் கேள்விப்படாத பெயர், பார்க்காத முகம்.

படத்துக்குக் கீழே இப்படி இருந்தது: "ஆவணி மாதம், மூன்றாவது செவ்வாய்க்கிழமை. மழை விட்ட பிறகும் ஈயக்குட்டையில் வட்டங்கள் ஓயவில்லை. கரையில் ஒற்றைச் சிலிப்பர் மட்டும் காத்துக் கிடந்தது."

இது என் வாக்கியம். என் நாவலில், ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் வள்ளி என்ற பெண், ஈயம் தோண்டிய பள்ளத்துக் குட்டையில் மூழ்கிச் சாகும் அத்தியாயத்தின் கடைசி வரிகள். அந்தக் 'காத்துக் கிடந்தது' வந்து சேர்வதற்குள் ஒரு பேனாவின் மை தீர்ந்து போனது.

அதற்கும் கீழே: "அம்மாவின் முடிவை உலகுக்குச் சொன்ன நாவலாசிரியர் ஐயா மகாலிங்கம் அவர்களுக்கு நன்றி. மகள் தனலெட்சுமி, புந்தோங்."

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. புவனம் அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"என்னங்க, சத்தத்தையே காணோம். யாரு போயிட்டாங்க?"

"யாரும் போகல. அதான் பிரச்சினை" என்றேன்.

வள்ளி பிறந்த கதை

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போக வேண்டியிருக்கிறது.

நான் தோட்டத்துக் கிராணியின், அதாவது கணக்கரின், மகன். தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் வாழ்ந்தவனல்ல, அவற்றைச் சன்னல் வழியாகப் பார்த்து வளர்ந்தவன். நாவல் வெளிவந்தபோது இதைச் சொல்லிக் காட்டாதவர்கள் குறைவு. ஈப்போவில் நடந்த அறிமுகக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுந்து, பால்வாளியை வள்ளி எந்தக் கையில் பிடித்திருந்தாள் என்பதில் நான் இரண்டு இடங்களில் மாறியிருக்கிறேன் என்றார். கோப்பெங்கிலிருந்து வந்த ஒருவர், நாவலில் வரும் திருட்டுக் கங்காணி தன் தகப்பனார்தான் என்று சண்டைக்கு வந்தார். அவருடைய தகப்பனாரை எனக்குத் தெரியாது என்றேன். "தெரியாமலே இவ்ளோ சரியா எழுதிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, புத்தகத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார்.

நான் சொல்ல வந்தது வேறு. கவுண்டரில் உட்கார்ந்தவன் காதில் ஆயிரம் கதைகள் விழும். வேலையில் சேரும்போதே, இங்கே கேட்டதை வெளியே சொல்ல மாட்டேன் என்று உறுதிமொழி எடுத்திருந்தேன். ஓய்வுக்குப் பிறகும் அது செல்லும். எனவே கேட்ட கதை ஒன்றைக்கூடத் தொடுவதில்லை என்று தீர்மானித்து, வள்ளியை முழுக்க முழுக்கக் கற்பனையாகவே செய்தேன். பெயர், ஊர், மஞ்சள் சேலை, நெத்திலிச் சம்பல் மீது ஆசை, குட்டை, செவ்வாய்க்கிழமை எல்லாமே.

செவ்வாய்க்கிழமைக்கு மட்டும் ஒரு காரணம் உண்டு. நம் ஆட்கள் நல்ல காரியத்துக்குச் செவ்வாயில் வெளியே வர மாட்டார்கள். திருமணப் பதிவு இருக்காது, பிள்ளை பிறந்ததைச் சொல்லவும் தயங்குவார்கள். அன்று கவுண்டருக்கு வருவது பெரும்பாலும் சாவுதான். கை தானாகச் செவ்வாய் என்று எழுதிவிட்டது.

என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சுத்தமான வேலை வள்ளி. அவள் மேல் எந்த ஆதாரத்தின் அழுக்கும் கிடையாது.

ஒரு தடவைதானே சாவாங்க

நாளிதழுக்கு ஈப்போவில் விளம்பரம் சேகரித்துக் கொடுக்கும் முகவரைக் கூப்பிட்டேன். மரண அறிவிப்புக்கு இறப்புச் சான்றிதழின் நகல் வைக்க வேண்டுமே, இதற்கு எங்கே என்று கேட்டேன்.

"சார், இது மரண அறிவிப்பு இல்ல, நினைவஞ்சலி" என்றார். "அதுக்குக் கேக்கறதில்ல. மனுசன் ஒரு தடவைதானே சாவான். வருசா வருசம் சர்டிபிகேட் கொண்டா கொண்டான்னா ஆளுங்க திட்டுவாங்க லா."

"முதல் தடவையே கொடுக்காதவங்க?"

"அத இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல சார்" என்று சொல்லி, தனலெட்சுமியின் எண்ணைக் கொடுத்தார்.

குங்குமம் வைத்த புத்தகம்

ஈப்போவின் புந்தோங் பகுதியில் அடுக்குமாடி வீடு. லிப்ட் வேலை செய்யவில்லை. தனலெட்சுமிக்கு ஐம்பதை ஒட்டிய வயது, கையுறைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். வேலை முடிந்து வந்த சட்டையை மாற்றாமலே கதவைத் திறந்தார்.

சாமி மேடையில் முருகனுக்கும் மாரியம்மனுக்கும் நடுவில் என் நாவல் நின்றுகொண்டிருந்தது. பிளாஸ்டிக் உறை போட்டு, மேலே குங்குமம் வைத்து. என் நாவலுக்கு விமர்சனம் வந்ததுண்டு. குங்குமம் வந்தது அதுதான் முதல் தடவை.

"ஒக்காருங்க சார். கோப்பி ஓ-வா, பால் போடட்டுமா?"

கலக்கி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். நான் கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"அப்போ அப்பா செத்து ஒரு வருசம்கூட ஆகல சார். எனக்குப் பத்து வயசு இருக்கும். ஒரு நாள் ஸ்கூல் விட்டு வாரேன், அம்மாவக் காணோம். மாமாதான் வந்து, 'ஒங்கம்மா குட்டையில விழுந்துட்டா'ன்னு சொன்னாரு. எந்தக் குட்டை, எந்த நாளு, ஒடம்பு கெடச்சுச்சா, ஒண்ணும் சொல்லல. கேட்டா கோவம் வரும் அவருக்கு. சாகற வரைக்கும் சொல்லல."

"போலீஸ்ல ரிப்போர்ட் போட்டாங்களா?"

"யாரு போடுவா சார்? தோட்டத்த வித்துட்டாங்க, ஆளுக்கு ஒரு பக்கம் போயிட்டாங்க. நான் ஆடி அமாவாசைக்குப் படைப்பேன். ஆனா அது எல்லா அம்மாவுக்கும் உள்ள நாளு. எங்கம்மாவுக்குன்னு ஒரு நாளு இல்ல. போன வருசம் வேலையெடத்துல ஒருத்தி ஒங்க பொஸ்தகத்தக் குடுத்தா. அந்தக் குட்டை வந்துச்சு, தேதி வந்துச்சு. பஸ்ஸுலயே அழுதுட்டேன் சார்."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அம்மா, அது கற்பனைம்மா. வள்ளின்னு ஒருத்தியே கிடையாது."

"பேர மாத்தித்தானே எழுதுவாங்க."

"பேரு மட்டும் இல்லம்மா. எல்லாமே நானா நினைச்சு எழுதினது."

அவர் என்னைப் பரிவோடு பார்த்தார். நோயாளியிடம் உண்மையைச் சொல்லாத டாக்டரைப் பார்க்கும் பார்வை.

"நீங்க சாவு எழுதற எடத்துல வேலை பாத்தவரு. பின்னட்டையிலயே போட்டிருக்கு. அங்க கேட்டத வெளிய சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருப்பாங்கல்ல?"

பொய் சொல்லத் தெரியவில்லை. "வாங்கினாங்க" என்றேன்.

"அதான் சார். நீங்க இல்லேன்னுதான் சொல்லணும். எனக்குப் புரியுது."

எழுந்துபோய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு ரப்பர் சிலிப்பர் இருந்தது. வார் அறுந்த, இடது கால் சிலிப்பர். ஒன்றே ஒன்று.

"வீட்டு வாசல்ல இதுதான் கெடந்துச்சு. ஜோடியக் காணோம். இத யாருகிட்டயும் நான் சொன்னதே இல்ல. நீங்க எழுதிட்டீங்க."

பின்னட்டைக் குறிப்பை எழுதியவன் நான்தான். வகித்த பதவிகளையெல்லாம் வரிசையாகப் போட்டிருந்தேன். வாசகர்களுக்கு மரியாதை வரட்டும் என்று.

தைப்பிங்கில் மழை

வீட்டுக்கு வந்து புவனத்திடம் சொன்னேன். "பாவம், ஒரு நாள் வேணும்னு ஏங்கியிருக்கா. இருந்துட்டுப் போகட்டும் விடுங்க" என்றாள். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. பதிவில் பிழை இருந்தாலும், ஆட்சேபிக்க யாரும் இல்லாதவரை அது நிற்கும்.

தைப்பூசம் கழிந்து சில வாரங்களில் ஆட்சேபணை வந்தது.

பிற்பகலில் தொலைபேசி அடித்தது. நாவலை நானே பதிப்பித்ததால் உள்பக்கத்தில் என் எண் உண்டு, வாசகர்கள் கூப்பிடுவார்கள். மறுமுனையில் துத்தநாகக் கூரையில் மழை கொட்டும் சத்தம். அதற்குமேல் வயதான ஒரு பெண்குரல்.

"வள்ளி கதை எழுதின சாரா?"

"ஆமாம்மா."

"தைப்பிங்லேருந்து பேசறேன். நல்லா எழுதியிருக்கீங்க. ரெண்டு தரம் படிச்சேன்."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பாராட்டை நின்றுகொண்டு கேட்கும் வயதை நான் தாண்டிவிட்டேன்.

"ஒரு சந்தேகம் சார். குட்டையில விழுந்தவ ஏன் நீந்தல?"

"வள்ளிக்கு நீச்சல் தெரியாதும்மா."

"குட்டைப் பக்கத்துலயே பொறந்து வளந்தவளுக்கா? எனக்கெல்லாம் நல்லாத் தெரியுமே." மழைக்கு மேல் குரலை உயர்த்தினார். "அப்பறம் பால் வெட்டற வேலைக்காட்டுக்கு யாரு சார் மஞ்ச சேலை கட்டிக்கிட்டுப் போவா?"

"அது ஒரு காட்சிக்காக... நீங்க யாரும்மா?"

"நான்தான் சார் ராக்கம்மா. பேப்பர்ல என் படத்தப் போட்டு, செத்துட்டேன்னு எழுதியிருந்தாங்களே."

கவுண்டரில் பலவற்றைப் பார்த்தவன் நான். ஒரே ஆளுக்கு இரண்டு மனைவிகள் இறப்புப் பதிய வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் செத்தவர் யாரும் எனக்குத் தொலைபேசியில் பேசியதில்லை.

"சார், இருக்கீங்களா?" என்று கேட்டது அவர்தான்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். தைப்பிங்கில் பூக்கடையில் மாலை கட்டுகிறார். பூவைப் பொட்டலம் கட்ட, பழைய நாளிதழைக் கட்டுக் கட்டாக வாங்குவார்கள். மல்லிகையைச் சுற்றப் போன தாளில் தன் முகத்தைப் பார்த்திருக்கிறார். பிறகு புத்தகத்தைத் தேடி வாங்கியிருக்கிறார்.

"ரப்பர்ப் பால் ஏத்தற லோரி ஓட்டுனவரு ஒருத்தரு வருவாரு சார். அவரோட வந்துட்டேன். என் தம்பி, அதான் அவ மாமா, பிள்ளைய அனுப்ப மாட்டேன்னுட்டான். நான் வந்தா வெட்டுவேன்னான். அப்பறம் வருசம் போயிருச்சு. லோரிக்காரரும் போய்ச் சேந்துட்டாரு."

மாமா ஏன் கடைசிவரை தேதி சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நடக்காததற்குத் தேதி போட நாவலாசிரியனால்தான் முடியும்.

"அந்த ஒத்தச் சிலிப்பர்?" என்று கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"அதா? வாரு அறுந்துச்சுன்னு வாசல்லயே விட்டுட்டு வந்தேன். அவரு புதுசு வாங்கிக் குடுத்திருந்தாரு. இன்னொண்ண நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்."

"ஒங்க மக அத இன்னும் வச்சிருக்காம்மா."

மறுமுனையில் கத்தரிக்கோலைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"நான் அவகிட்ட சொல்லட்டுமா? நீங்க இருக்கீங்கன்னு?"

"என்னன்னு சொல்லுவீங்க? செத்தவளா இருந்தா நான் நல்லவ சார். வெளக்கேத்திக் கும்புடறா. உயிரோட இருந்தா ஓடிப் போனவ." மூக்கை உறிஞ்சினார். "யோசிச்சுச் சொல்றேன். நீங்க சொல்லிறாதீங்க."

வைத்துவிட்டார்.

சம்மதம் இல்லாமல் கூடாது

ஒருவரைப் பற்றிய விவரத்தை அவர் சம்மதமில்லாமல் இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. மகளாக இருந்தாலும் கூடாது. எத்தனை மகள்களிடம் இதைச் சொல்லியிருப்பேன். புவனத்திடமும் சொன்னேன்.

"நாவல் எழுதறப்ப இந்த விதியெல்லாம் எங்க போயிருந்துச்சு?" என்றாள்.

"அது கற்பனை."

"ஒங்க கற்பனைக்கு அந்தப் பிள்ளை வெளக்கேத்துது. இது நெசம். நெசத்த மட்டும் பூட்டி வையுங்க."

அவர் பேசிய பூக்கடை எண்ணுக்கு இரண்டு மூன்று முறை கூப்பிட்டேன். "அக்கா பாசாருக்குப் போயிருக்கு", "அக்கா கோயிலுக்கு மாலை கொண்டு போயிருக்கு" என்று பதில் வந்தது. பின்னால் அக்காவின் குரல் கேட்டதாக எனக்குத் தோன்றியது. சித்திரை போனது, ஆடி போனது. உரிய கால அவகாசத்தில் பதில் தராதவர்களுக்கு நினைவூட்டுக் கடிதம் அனுப்புவது வழக்கம். இதற்கு எதை நினைவூட்டுவது?

ஆவணி பிறந்ததும் தனலெட்சுமி கூப்பிட்டார்.

"சார், இந்த வருசம் நீங்களும் ஒங்க வீட்டம்மாவும் வரணும். படையல முடிச்சுட்டு, அந்தச் சிலிப்பர எங்க பழைய தோட்டத்துப் பக்கத்துல உள்ள கோப்பெங் குட்டையில விட்டுரலாம்னு இருக்கேன். ஐயருகிட்டக் கேட்டேன், அதோட அம்மா கரையேறிருவாங்கன்னாரு. நானும் வருசா வருசம் டின்னத் தொறந்து பாத்து அழ வேணாம்ல?"

உயிரோடிருக்கும் ஒருவருக்கு மகள் கையால் கடைசிக் காரியம் நடக்கப் போகிறது. அதற்கு என் புத்தகம்தான் சான்றிதழ்.

இலை

சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் படியேறினேன். விதியை மீறப் போகிறவனுக்கு மூச்சு அதிகமாக வாங்கும் என்பதை அன்று கண்டேன். புவனம் எனக்கு முன்னால் போய்விட்டாள்.

வாழையிலை போட்டாகிவிட்டது. சோறு, சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், உளுந்து வடை. இலையின் நடுவில் குவியலாக நெத்திலிச் சம்பல்.

"அம்மாவுக்கு என்ன பிடிக்கும்னு எனக்கு ஞாபகம் இல்ல சார்" என்றார் தனலெட்சுமி. "நீங்க எழுதித்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

அந்த அடையாள அட்டைப் படத்துக்கு மாலை போட்டிருந்தது. பக்கத்தில் திறந்த பிஸ்கட் டின். சூடம் காட்டி முடித்து, தனலெட்சுமி சோற்றில் எல்லாவற்றையும் கொஞ்சம் சேர்த்து உருட்டினார். காக்காய்க்கு வைக்க, வெளியே நடைபாதைச் சுவருக்குப் போக வேண்டும்.

"தனலெட்சுமி, ஒரு நிமிசம். ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

அவர் உருண்டையைக் கையில் வைத்தபடி திரும்பினார். புவனம் என்னைப் பார்த்தாள். என் சட்டைப் பையில் தொலைபேசி அடித்தது. தெரியாத எண். எடுத்தேன்; எடுக்காவிட்டால் பேச வேண்டியிருக்கும்.

பின்னணியில் மழை இல்லை. பேருந்துகளின் உறுமலும் மலாயில் ஒரு ஒலிபெருக்கியும் கேட்டன.

"சார், நான் ஈப்போ பஸ் ஸ்டேசன்ல நிக்கிறேன். ஒரு மலாய்ப் பொண்ணு போன் குடுத்துச்சு, சீக்கிரம் சொல்லிர்றேன். நான் செத்த நாளு இன்னைக்குத்தானே?"

"ஆமாம்மா" என்றேன்.

"சோறு போட்டுட்டாளா?"

"போட்டாச்சு."

"நெத்திலி வச்சிருப்பா, ஒங்க புக்கப் பாத்துட்டு. எனக்கு அது சேராது சார், ஒடம்பெல்லாம் தடிச்சுரும். அத எடுத்துரச் சொல்லுங்க." மூச்சு வாங்கினார். "அப்பறம், காக்காய்க்கு வைக்க வேணாம்னு சொல்லுங்க. நான் வாரேன்."

தனலெட்சுமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாரு சார்?"

தொலைபேசியை அவரிடம் நீட்டினேன். சோற்று உருண்டையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையைச் சேலையில் துடைத்து, வாங்கிக் காதில் வைத்தார்.

'நான் அவகிட்ட சொல்லட்டுமா' என்ற என் கேள்விக்குப் பதில் வந்து சேர்ந்த நாள், ஆவணி மாதம், மூன்றாவது செவ்வாய்க்கிழமை.